திரும்பி வருவோம் என்று எழுதிவைத்துப் போன ஊர்



இங்கிலாந்துக் கிராமம் என்றவுடன் எங்களில் பலருக்கு மனதில் வருவது பிஸ்கற் ரின் மூடியில் இருக்கும் படம்தான். வைக்கோல் வேய்ந்த கூரை, வாசலில் ரோசாக் கொடி, பின்னால் ஒரு தேவாலயக் கோபுரம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஈஸ்ற்ஹாம், ஹரோ, ரூற்றிங் என்று எங்கள் உலகம் கோயிலோடும் மரக்கறிக் கடையோடும் சுற்றி முடிந்துவிடுகிறது. கிராமங்களைக் கடற்கரைக்குப் போகிற வழியில் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததோடு சரி. ரைனம் என்ற ஊருக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தால் ரைன்ஹாம் என்று வரும். அந்தப் பகுதி ஆட்களின் வாயில் அது ‘ரைனம்’. நானும் அப்படியே சொல்கிறேன். டோசெற் மாவட்டத்தில், பேர்பெக் குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். குன்றின் உச்சியில் காரை நிறுத்திப் பார்த்தால் கீழே ஒரு மரக்கூட்டம், அதற்கப்பால் வோர்பாரோ என்ற வளைகுடா. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் இருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே புத்தகத்திலேயே இந்த ஊர் இருக்கிறது. அதற்கும் வெகு காலத்துக்கு முன், இரும்புக் கால மக்கள் கடலோரக் குன்றின்மேல் மண்ணை அணைத்துக் கட்டிய கோட்டை ஒன்றின் மிச்சம் மேற்குப் பக்கத்தில் தெரிகிறது. அதில் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவு பழைய ஊரில் இன்று ஒருவரும் குடியில்லை. 1943 டிசெம்பரில் வெளிக்கிட்டவர்கள் வெளிக்கிட்டவர்கள்தான்.

சென்ற கோடை விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உண்மையில் நாங்கள் போக வெளிக்கிட்டது பக்கத்திலிருக்கும் லல்வேர்த் கடற்கரைக்கு. அங்கே கார் நிறுத்த இடமில்லாமல் திரும்பி வரும்போது வழியில் ஒரு பலகையைக் கண்டு, பிள்ளைகள் ‘பேய்க் கிராமம்’ என்று கத்த, சரி பார்ப்போமே என்று இறங்கினோம். பேயைப் பார்க்கலாம் என்று வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கும் அம்மாவுக்கும் வேறு விதமாகப் போய்விட்டது அந்த நாள்.

ஊருக்குள் நுழைந்ததும் குளம் ஒன்று. அதனருகே கல்லால் கட்டிய வீட்டு வரிசை. சுவர் நிற்கிறது, யன்னல் ஓட்டை இருக்கிறது, அடுப்பங்கரைப் புகைபோக்கி இருக்கிறது, கூரை இல்லை. கூரை இல்லாத வீட்டின் நடுவில் புல் முளைத்து மரம் எழும்பி நிற்பதை எங்கள் ஆட்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. வரிசையில் ஒரு வீடுதான் ஊரின் தபாற்கந்தோராக இருந்தது. அதற்கு முன்னால் 1920களின் மாதிரியில் வெள்ளைக் கொங்கிறீற்றில் செய்த ரெலிபோன் கூண்டு ஒன்று நிற்கிறது. ஊரில் அப்போதே நின்ற கூண்டு 1985இல் ஒரு சினிமாப் படப்பிடிப்பின்போது உடைந்துபோக, அதே மாதிரி இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார்களாம். ஊரவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, கூண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பலகை இருக்கிறது. இந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள், தகப்பன் இன்ன தொழில் செய்தார், பிள்ளைகள் இத்தனை பேர் என்று எழுதி, பழைய படங்களும் வைத்திருக்கிறார்கள். மீன்பிடித்த குடும்பம், ஆடு மேய்த்தவர், பண்ணை வேலையாள், பங்குத் தந்தை. வேலையெல்லாம் நிலத்தோடும் கடலோடும்தான். மின்சாரம் வந்து சேராத ஊர். தண்ணீருக்குத் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் கிட்ட ஒரு பொதுக் குழாய்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாம் உலக யுத்தத்தில்தான் யுத்த தாங்கி என்ற வாகனம் முதன்முதலில் சண்டைக்கு வந்தது. அதை ஓட்டப் பழக்குவதற்கு 1916இல் டோசெற்றின் பொவிங்ரன் என்ற இடத்தில் முகாம் அமைத்தார்கள். ஓட்டினால் போதுமா, சுடவும் பழக வேண்டுமே. அதற்கு அடுத்த வருடம் லல்வேர்த் கரையோரத்தில் சுடும் பயிற்சித் தளம் வந்தது. குண்டு தவறினாலும் கடலில் விழும் என்பதுதான் இடத் தெரிவின் இரகசியம். இரண்டாம் உலக யுத்தத்தில் தாங்கிகள் பெரிதாகின, பீரங்கிகள் தூரமாகச் சுட்டன. நோர்மண்டிக் கரையில் இறங்க நேச நாடுகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம். இருந்த தளம் போதாது என்று அதன் கிழக்கே இருந்த நிலத்தையும் சேர்க்க முடிவெடுத்தார்கள். அந்த நிலத்துக்குள் ரைனம் இருந்தது.

1943 நவெம்பர் 16ஆம் திகதியிட்ட கடிதம் வீடு வீடாக வந்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் அவகாசம். டிசெம்பர் 19க்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இது சிறிய தியாகமல்ல என்பது அரசாங்கத்துக்குத் தெரியும், யுத்தத்தை வெல்ல நீங்கள் மனமுவந்து உதவுவீர்கள் என்று நம்புகிறோம் என்ற கருத்தில் மிக மரியாதையாக எழுதப்பட்ட கடிதம் அது. மொத்தம் 7,500 ஏக்கர். 200க்கும் மேற்பட்ட சனம் கோழி, ஆடு, மாடு, தளபாடம் எல்லாவற்றையும் விற்றும் கொடுத்தும் ஏற்றியும் கிளம்பியது. யுத்தம் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

தேவாலயக் கதவில் ஒரு குறிப்பைக் குத்திவிட்டுப் போனார்கள். இன்று அந்தக் கதைதான் ரைனத்தைப் பிரபலமாக்கியிருக்கிறது. தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், தலைமுறை தலைமுறையாக நாங்கள் இருந்த வீடுகளை மனிதரின் சுதந்திரத்துக்காக நடக்கும் போருக்கென்று விட்டுப் போகிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி என்பதுதான் அதன் சாரம். வரப்போகும் படைக்கு முற்கூட்டியே நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தேவாலயத்துக்குள் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பிரதிக்கு முன்னால் வெகு நேரம் நின்றார்.

“உதில என்ன தம்பி எழுதியிருக்கு?”

வாசித்துச் சொன்னேன்.

“அப்ப, அவை திரும்பி வந்தவையே?”

“இல்லையம்மா. ஒருத்தரையும் விடேல்லை.”

“வெள்ளைக்காரரையுமோ?” என்றார் அம்மா.

பக்கத்தில் நின்ற வயதான ஆங்கிலத் தம்பதிகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன கதைத்தோம் என்று விளங்கியிருந்தால் சிரித்திருப்பார்களோ தெரியாது.

விடவில்லைத்தான். 1945இல் யுத்தம் முடிந்தது. நாஜிகளை வென்றாகிவிட்டது, ஆனால் அடுத்த எதிரி ரஷ்யா என்றாகிவிட்டது. தாங்கிப் பயிற்சிக்கு நிலம் தேவை என்று 1948இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கொள்வனவு செய்தது. தற்காலிகம் என்று வாங்கியது நிரந்தரமானது.

நட்டஈடு விடயத்தை வாசித்தபோதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. ரைனத்தில் வீடு வீடாக இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வாடகைக் குடியிருப்பாளர்கள். நிலமும் வீடும் பொண்ட் என்ற ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். 1683இலிருந்து அவர்கள்தான் ஊரின் பிரபுக்கள். முதலாம் எலிசபெத் அரசி காலத்து மாளிகை அவர்களுடையது. ஆகவே நிலத்துக்கான பணம் நிலச்சொந்தக்காரருக்கு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதே அடுப்பில் சமைத்த சனத்துக்குக் கிடைத்தது, தோட்டத்தில் நின்ற மரக்கறியின் பெறுமதி மட்டும். கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் காசு கொடுத்தார்கள். கதவில் குத்திய குறிப்பில் ‘நாங்கள்’ என்று இருக்கிறது. அதை எழுதியவர் நிலச்சொந்தக்காரரின் மனைவி என்று சொல்கிறார்கள். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் மாளிகையும் இருந்தது, குடிசையும் இருந்தது. சட்டம் பார்க்கும்போது இரண்டும் வேறு வேறாகிவிட்டன. ஊர் யாருடையது என்று கேட்டால் இருந்தவருடையது என்று நாங்கள் சொல்வோம். கடதாசி வைத்திருப்பவருடையது என்று கந்தோர் சொல்லும். (அந்த மாளிகையும் தப்பவில்லை. 1960களின் இறுதியில் அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சம் மரங்களுக்குள் இருக்கிறது, பொதுமக்கள் போக முடியாது.)

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியேறியவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்க அழுதுகொண்டிருக்கவில்லை. பிற்பாடு பலருக்கு வெயார்ஹாம் பட்டினத்துக்குப் பக்கத்தில் சான்ட்ஃபோர்ட் என்ற இடத்தில் கவுன்சில் வீடு கிடைத்தது. சுவிச்சைப் போட்டால் வெளிச்சம், குழாயைத் திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர். பிள்ளை குட்டியோடு இருந்த பெண்களில் சிலருக்கு அது பெரிய ஆறுதலாகவே இருந்தது. இதை வாசித்தபோது எனக்கு லண்டனில் சூடேற்றிய முதல் அறையும், அதில் அம்மா கால் நீட்டிப் படுத்த முதல் இரவும் ஞாபகம் வந்தன. வசதி கிடைத்தது என்பதற்காக ஊர் வேண்டாம் என்று ஆகிவிடுவதில்லை. முதியவர்களில் சிலர் கடைசிவரை வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், எப்போது விடுவார்கள் என்று.

1968இல் றொட்னி லெக் என்ற டோசெற் எழுத்தாளர் முன்னின்று ரைனத்தைத் திருப்பிக் கேட்கும் இயக்கம் ஒன்று கிளம்பியது. கூட்டங்கள், கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள். படைத்தரப்பு வைத்திருக்கும் நிலங்களை ஆராய அரசாங்கம் நூஜென்ற் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 1973இல் கொடுத்த அறிக்கை, லல்வேர்த் பயிற்சித் தளத்தை வேல்ஸுக்கு மாற்றி இந்த நிலத்தை விடலாம் என்றது. அரசாங்கம் நியமித்த குழுவே சொல்லிவிட்டது, இனி என்ன என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1974இல் அரசாங்கம் மாட்டோம் என்றது. ஆணைக்குழு, அறிக்கை, பிறகு அலுமாரி. இந்த மூன்று படியும் எங்கள் நேயர்களுக்குப் புதிதல்ல.

முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. 1975இலிருந்து சூடு இல்லாத நாட்களில் பொதுமக்கள் உள்ளே போக விட்டார்கள். நடைபாதைகள் திறந்தார்கள். தேவாலயத்தையும் பாடசாலையையும் திருத்திக் கண்காட்சியாக்கினார்கள். முன்னாள் ஊரவர் சிலரின் சாம்பல் அந்தத் தேவாலய முற்றத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. உயிரோடு வர விடாத ஊருக்குள் சாம்பலாக வர விட்டிருக்கிறார்கள். ஊரில் வாழ்ந்த கடைசி மனிதர்களில் ஒருவர் நூறு வயதிலும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரைனம் தனியாக இல்லை. வில்ற்ஷயரில், சோல்ஸ்பரி சமவெளிக்கு நடுவில், இம்பர் என்ற ஊரும் அதே 1943 டிசெம்பரில்தான் வெறுமையாக்கப்பட்டது. பாடசாலையில் சனத்தைக் கூட்டி 47 நாள் தவணை சொன்னார்கள். அவ்வூர்க் கொல்லர் தன் பட்டடையில் சாய்ந்து அழுதார் என்றும், போன இடத்தில் சில வாரங்களிலேயே இறந்துபோனார் என்றும் இன்றும் கதை சொல்கிறார்கள். 1961 ஜனவரியில் ஏறக்குறைய 2,000 பேர் சேர்ந்து இம்பருக்குள் நடந்து போய்ப் போராடினார்கள். அங்கேயும் விடவில்லை. வருடத்தில் சில நாட்கள் மட்டும் தேவாலயத்தைத் திறக்கிறார்கள். அதில் ஒரு நாளில் லண்டன் சிவப்பு மாடிபஸ்கள் அந்த வெறும் ஊருக்கு ஓடுகின்றன. நோர்பொக்கில் 1942இல் எடுத்த கிராமங்களும் இருக்கின்றன. அந்தக் கதையை இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இதுவரை கேட்டவர்கள் நான் எங்கே வருகிறேன் என்று ஊகித்திருப்பீர்கள். எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு எழும்பியபோது நாங்களும் எழும்பினோம். கடிதம் வரவில்லை, தவணை தரவில்லை; ஷெல் வந்தது. ஆகவே ரைனத்தையும் மயிலிட்டியையும் ஒன்றென்று சொன்னால் அது பொய். அந்தச் சனத்தின்மேல் அவர்களுடைய அரசாங்கம் குண்டு போடவில்லை. அவர்கள் போன இடத்தில் அவர்களை யாரும் அகதி என்று பதியவில்லை. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அவர்களிடம் உறுதி இல்லை, எங்களிடம் இருந்தது. அப்பா உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித்தான் கொண்டுவந்தார். 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியபோது, உறுதி வைத்திருந்த சனம் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் போனது அந்தக் கடதாசியை நம்பித்தான். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுபட்டது. 27 வருடம். சனம் கோயிலுக்கு ஓடிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வளவு அதற்குள் வரவில்லை. ரைனத்தில் 80 வருடம் கழிந்தும் ஓர் ஏக்கரும் குடியிருக்க விடுபடவில்லை. இதைப் பார்த்து எங்களுக்குப் பரவாயில்லை என்று ஆறுதல் படுவதா, விட்ட இடத்தில் விடாமல் கேட்க வேண்டும் என்று எடுப்பதா? நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன்.

ரைனத்தில் ஒரு விசித்திரம். 80 வருடமாக அங்கே கலப்பை படவில்லை, இரசாயனப் பசளை விழவில்லை, கட்டடம் எழும்பவில்லை. அதனால் பூண்டும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் பருந்தும் மானும் செழித்துக் கிடக்கின்றன. படை இல்லாவிட்டால் இந்தக் கரை முழுக்க விடுமுறை வீடுகளாகியிருக்கும் என்று வாதாடுகிறார்கள். இருக்கலாம், அந்தக் கரையின் மற்றப் பக்கங்களைப் பார்த்தால் மறுக்கவும் முடியாது. ஆனாலும் மனிதரை எழுப்பிவிட்டு வண்ணத்துப்பூச்சியைக் காட்டி நியாயம் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை.

பிள்ளைகளுக்கு அன்று பிடித்தது பாடசாலைதான். அது யுத்தத்துக்கு முன்னரே, 1932இல், பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடப்பட்டது. ஊர் அப்போதே மெலியத் தொடங்கியிருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. வாங்கு, மேசை, கரும்பலகை, அந்தக் காலத்துப் பிள்ளைகள் பூவையும் பறவையையும் பற்றி எழுதிய அப்பியாசக் கொப்பிகள். மேற்சட்டை கொழுவும் கொக்கிகளுக்கு மேல் பிள்ளைகளின் பெயர்கள். என் சின்ன மகள் வெறுமையாக இருந்த ஒரு கொக்கியில் தன் சட்டையைக் கொழுவிவிட்டு வாங்கில் போய் இருந்தாள். அம்மா அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு வெளியே வந்து கல்லில் இருந்துகொண்டு, மயிலிட்டியில் தன்னோடு படித்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டறியாத பெயர்கள். இந்த நாட்டில் இருப்பவர், கனடாவில் இருப்பவர், செத்துப்போனவர், தெரியாது என்பவர். கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். 41 பெயர்கள் வந்தன. வீட்டுக்கு வந்தபிறகு இரவு ரெலிபோன் எடுத்து இன்னும் மூன்றைச் சொன்னார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். அனேகமான வார இறுதிகளில் திறந்திருக்கும். கிழமை நாட்களில் சுடுவார்கள், பாதையை மூடிவிடுவார்கள். ஆகவே முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. நடைபாதை ஓரம் மஞ்சள் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், அவற்றுக்கு வெளியே காலை வைக்கவேண்டாம். நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதிவெடி பற்றிச் சொல்லி வளர்ந்த எங்களுக்கு அது பழக்கம், இங்கே பிறந்ததுகளுக்குத்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கடை கிடையாது. சோறு கட்டிக்கொண்டு போனால் நல்லது. ஊரிலிருந்து வோர்பாரோக் கடற்கரைக்கு ஒரு மைல் அளவில் நல்ல பாதை, அம்மாவே மெதுவாக நடந்து வந்துவிட்டார்.